சித்திரம் யாருடைய சொத்து?
ருஷ்ய ஓவியர்களின் வாழ்வும் படிப்பும்

உலகத்தில் ஒருவன் ஏதாவது ஒரு வித்தையில் பேரெடுத்துவிட்டால், உடனே அதற்கு இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. ஒன்று, "அது அவன் ரத்தத்திலேயே ஊறியது" என்பது. மற்றொன்று, "அது ஆண்டவன் கொடுத்த வரம்" என்பது. இப்படிச் சொல்லுகிறவர்களுக்கு இதில் ஒரு பெரிய சௌகரியமுண்டு. அதாவது, மற்ற கோடிக்கணக்கான மக்களுக்கு அந்த வித்தை ஏன் வரவில்லை என்கிற கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டிய தொல்லை அவர்களுக்கு இல்லாமல் போய்விடுகிறது. ரத்தத்தில் இல்லை, வரம் கிடைக்கவில்லை, ஆகவே வரவில்லை. யார் பேரிலும் குற்றமில்லை! கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் வைத்துக்கொண்டிருப்பவன் பேரிலும் குற்றமில்லை. பூட்டின கதவுக்கு வெளியே நின்று செத்தவன் பேரில்தான் குற்றம்.

இந்தப் பேச்சு எவ்வளவு தூரம் உண்மை என்று பார்க்க வேண்டுமானால் சாஸ்திரங்களைப் புரட்ட வேண்டியதில்லை. ருஷ்ய தேசத்துச் சித்திரக்காரர்கள் சிலருடைய வாழ்க்கையைக் கவனித்தாலே போதும். அவர்கள் யாருக்குப் பிறந்தார்கள், எங்கே படித்தார்கள், யார் தடுத்தார்கள், யார் கைகொடுத்தார்கள் என்கிற விவரங்கள் ஒழுங்காக எழுதிவைக்கப்பட்டிருக்கின்றன. அவைகளைப் பார்த்து வாசகர்களே ஒரு முடிவுக்கு வரட்டும்.

பலகாரம் செய்யப்போன சித்திரக்காரர்

ருஷ்யாவில் 1861-ம் வருஷம் வரையில் பண்ணையடிமை முறை சட்டப்படி இருந்து வந்தது. பிரபுவின் நிலத்தில் பிறந்த குடியானவன் அந்தப் பிரபுவுக்குச் சொத்து. அவனை விற்கலாம், அடகு வைக்கலாம், பெண்ணுக்குச் சீதனமாகக் கொடுக்கலாம். அந்த முறை ஒழிந்தபோது விடுதலை பெற்ற பிரபுக்களின் அடிமைகள் மாத்திரம் இரண்டு கோடிக்கு மேற்பட்டவர்கள்.

அப்படிச் சீதனமாகக் கொடுக்கப்பட்ட ஒரு சொத்துதான் வாசிலி திரொப்பினின் என்பவர். 1776-ல் பிறந்தவர். பிரபுவின் மகளுக்குக் கல்யாணமானபோது, மற்றச் சாமான்களோடு இவரும் மாப்பிள்ளையான மோர்க்கோவ் பிரபுவுக்குப் போய்ச் சேர்ந்தார். பையனுக்குப் படம் வரைவதில் ஆசையிருந்தது. ஆனால் பிரபுவுக்குத் தித்திப்புப் பலகாரங்களில் ஆசையிருந்தது. ஆகவே, பலகாரம் செய்யக் கற்றுக்கொண்டு வா என்று பையனைப் பீட்டர்ஸ்பர்க் பட்டணத்துக்கு அனுப்பினார்கள். அங்கே 1757-ல் ஏற்படுத்தப்பட்ட அரசாங்கக் கலைக்கழகம் இருந்தது. பலகார வேலையிலிருந்து நழுவி இவர் அங்கே போய்ப் பாடம் கேட்டார். பிறகு வெளி மாணவராக இருக்க அனுமதி கிடைத்தது. 1804-ல் இவர் எழுதிய ஒரு படம் கண்காட்சியில் வைக்கப்பட்டு எல்லோராலும் புகழப்பட்டது. புகழ்ச்சி கிடைத்ததும் என்ன நடந்தது? பையன் கைவிட்டுப் போய்விடுவான் என்று பயந்த பிரபு, படிப்பை நிறுத்தித் திரும்ப அழைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு ஏறக்குறைய இருபது வருஷம் அவர் அந்தப் பண்ணையில் பலகாரம் செய்தார், பந்தியில் பரிமாறினார், பிரபுவின் குடும்பத்தாருக்குப் படமும் எழுதினார்.

ஒரு செய்தி சொல்லப்படுகிறது. அந்த மாளிகைக்கு விருந்தாளியாக வந்த ஒரு பிரெஞ்சுக்காரர் இவருடைய படங்களைப் பார்த்து மெச்சிக் கை குலுக்கினாராம். அன்று விருந்திலே தட்டு ஏந்தி நின்ற வேலைக்காரன் அதே சித்திரக்காரன் என்று கண்டதும், ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு "உட்காரும்" என்றாராம். அந்த நாற்காலியில் உட்காரும் உரிமை சட்டப்படி அவருக்குக் கிடைத்தது 1823-ல். அப்போது அவருக்கு வயது 47. அந்த விடுதலையிலும் ஒரு தந்திரம். அவரை விடுவித்த பிரபு, அவர் மனைவியையும் மகனையும் விடுவிக்கவில்லை. அதற்கு இன்னும் ஐந்து வருஷமாயிற்று. ருஷ்யாவின் பெரிய கவியான புஷ்கினுடைய உருவத்தை 1827-ல் எழுதிப் பேர்பெற்றவர் இந்தத் திரொப்பினின்தான். அந்தப் படத்தை எழுதிக்கொண்டிருந்த நாளில் அவருடைய சொந்தப் பிள்ளை வேறொருவனுடைய சொத்தாக இருந்தான்.

தோழர்களே! இந்த இடத்திலே கடவுளின் வரம் எங்கே வேலை செய்தது? வரம் கொடுத்த கடவுள், வரம் பெற்றவன் கையிலே எதற்காக இருபது வருஷம் பந்தித் தட்டைக் கொடுத்தார்?

சீட்டுக் குலுக்கி வாங்கிய விடுதலை

இரண்டாவது மனிதர் தாராஸ் ஷெவ்சென்கோ. இவர் ருஷ்யரல்ல, உக்ரேனியர். 1814-ல் பிறந்தவர். உக்ரேனிய மொழிக்குத் தலைசிறந்த கவி. ஆனால் சித்திரம் பயின்றது பீட்டர்ஸ்பர்க்கிலாகையால் இந்த வரிசையில் அவரைச் சொல்லவேண்டியிருக்கிறது. தாய் தகப்பனைச் சிறு வயதிலேயே இழந்தவர். பிரபுவின் வாசலறையிலே கூப்பிட்ட குரலுக்கு ஏனென்று கேட்பது இவர் வேலை. இரவிலே மெழுகுவர்த்தி ஏற்றி ஒரு படத்தைப் பார்த்து எழுதிக்கொண்டிருந்ததற்காகச் சவுக்கடி பட்டவர். பிறகு, படம் எழுதத் தெரிந்த அடிமை இருந்தால் கௌரவம் என்று நினைத்த பிரபு, அவரைப் பட்டணத்திலே ஒரு வர்ண வேலைக்காரனிடம் விட்டுவைத்தார். அங்கே பூங்காவிலுள்ள சிலைகளை இரவு வெளிச்சத்திலே பார்த்து வரைந்துகொண்டிருந்தபோது ஒரு கலைக்கழக மாணவர் கண்டு, தன் ஆசிரியர்களிடம் அழைத்துப் போனார்.

ஆனால் பண்ணையடிமை கலைக்கழகத்தில் மாணவனாகச் சேர முடியாது. முதலில் அவனை விலைக்கு வாங்கியாக வேண்டும். விலை 2,500 ரூபிள் என்று பிரபு சொல்லிவிட்டார். கார்ல் பிரியுல்லோவ் என்கிற பெரிய சித்திரக்காரர், ஷுக்கோவ்ஸ்கி என்கிற கவியின் உருவத்தை எழுதிக் கொடுத்தார். அந்தப் படத்தை அரண்மனையிலே சீட்டுக் குலுக்கி விற்று, அந்தப் பணத்தைக் கொண்டு 1838-ல் ஷெவ்சென்கோவை விடுதலை செய்தார்கள். விடுதலையானதும் கலைக்கழகத்திலே பிரியுல்லோவின் மாணவரானார்.

இதோடு முடிந்ததா? இல்லை. அடிமை முறையையும் ஜார் குடும்பத்தையும் தாக்கிப் பாட்டெழுதினார் என்று 1847-ல் பிடித்து, சிப்பாயாக்கித் தூரதேசத்துக்கு அனுப்பினார்கள். அந்த உத்தரவின் பேரில் முதலாவது நிக்கலஸ் ஜார் தன் கையாலேயே, இவன் எழுதவும் கூடாது, படம் வரையவும் கூடாது என்று சேர்த்து எழுதினார். பத்து வருஷம் அந்தத் தண்டனை. ஒருவனை அடைத்துவைத்தால் போதாது, அவன் கையிலிருந்து பென்சிலையும் பிடுங்கவேண்டும் என்று ஒரு சக்கரவர்த்திக்குத் தோன்றியது என்றால், பென்சிலின் வலிமையை ஜாரைவிட நன்றாகத் தெரிந்துகொண்டவர் யார்? ஷெவ்சென்கோ 1861-ல், அடிமை முறை ஒழிந்த செய்தி ஊருக்கு அறிவிக்கப்படுவதற்குச் சில நாட்களுக்கு முன்னால், 47-வது வயதிலே இறந்தார்.

விடுதலையே கிடைக்காதவர்

மேலே சொன்ன இருவரும் எப்படியோ தப்பித்தவர்கள். தப்பிக்காதவர் ஒருவரையும் சொல்ல வேண்டும். வெனித்சியானோவ் என்று ஒரு சித்திரக்காரர் இருந்தார். சின்ன நிலச்சுவான்தார், நல்ல மனிதர். தன் கிராமத்திலேயே ஒரு சித்திரப் பள்ளிக்கூடம் வைத்து, ஏழைகளுக்கும் பிரபுக்களின் அடிமைகளுக்கும் சோறு போட்டுச் சொல்லிக் கொடுத்தார். வெளிநாட்டு அச்சுப் படங்களைப் பார்த்து நகல் எடுக்காதே, கண் முன்னால் இருக்கிற பொருளைப் பார்த்து எழுது என்பது அவர் பாடம். அவரிடம் படித்தவர்கள் சுமார் 70 பேர். அவர்களிலே மிகுந்த திறமைசாலி கிரிகோரி சொரோக்கா என்கிற அடிமைப் பிள்ளை. 1823-ல் பிறந்தவர். ஏரிக்கரையில் மீன் பிடிக்கிறவர்களை அவர் எழுதிய படம் இன்றைக்கும் பீட்டர்ஸ்பர்க்கிலுள்ள ருஷ்யப் பொருட்காட்சிசாலையில் இருக்கிறது. அதிலே தண்ணீர் அசையவில்லை, காற்று அசையவில்லை. பார்க்கிறவன் மூச்சும் சற்று நின்றுவிடும்.

இவருக்கு விடுதலை கொடுக்கும்படி வெனித்சியானோவ் எவ்வளவோ கேட்டும் எஜமானன் கொடுக்கவில்லை. 1861-ல் சட்டம் வந்து எல்லோரோடும் சேர்ந்து இவரும் விடுதலையானார். அதற்குள் வயது நாற்பதை நெருங்கிவிட்டது. விடுதலையான பிறகும் நிலத் தகராறு விடவில்லை. குடியானவர்களுடைய வழக்கிலே அவர்கள் பக்கம் நின்று மனு எழுதினதற்காகத் தண்டனை விதிக்கப்பட்டது. 1864-ல் தூக்குப் போட்டுக்கொண்டு இறந்துபோனார்.

ரத்தம், வரம் என்று பேசுகிறவர்கள் முக்கியமாக இவரைத்தான் கவனிக்க வேண்டும். "பாருங்கள், திறமையிருந்தால் அடிமையும் மேலே வந்துவிடுகிறான்" என்று திரொப்பினினைக் காட்டிச் சொல்லுவார்கள். மேலே வந்தவனை எண்ணுவது கணக்காகாது. கிணற்றில் விழுந்தவர்களில் இரண்டு பேர் ஏறிவந்ததைப் பார்த்து, கிணறு ஆழமில்லை என்று சொல்லலாமா? விழுந்தவர்கள் எத்தனை பேர் என்றல்லவா கேட்க வேண்டும்? கோடிக்கணக்கான மக்களிலே பிரபுவின் இஷ்டத்தாலும், வழிப்போக்கனின் இரக்கத்தாலும், சீட்டுக் குலுக்கலாலும் மேலே வந்தவர் சிலர். மற்றவர்களின் கையில் என்ன இருந்தது என்று யாருக்குத் தெரியும்?

கலைக்கழகத்திலே கற்பித்தது என்ன?

சரி, உள்ளே போனவர்களுக்குத்தான் என்ன கற்பிக்கப்பட்டது? அந்தப் படிப்பு முறையை அறவே தவறு என்று சொல்லிவிட முடியாது. முதலில் அச்சுப் படங்களைப் பார்த்து வரைதல். பிறகு சுண்ணத்தால் வார்த்த கிரேக்கச் சிலைகளின் தலை. பிறகு முழுச் சிலை. பிறகு உயிருள்ள மனிதனை நிற்கவைத்து வரைதல். படிப்படியாக வெள்ளி மெடல், தங்க மெடல். பெரிய தங்க மெடல் வாங்கினவனுக்குச் சர்க்கார் செலவிலே பல வருஷம் வெளிநாட்டு வாசம். கையையும் கண்ணையும் பழக்குகிற விஷயத்தில் இது கண்டிப்பான படிப்புதான். கோளாறு எங்கேயென்றால், கையைப் பழக்கின பிறகு அந்தக் கையால் எதை எழுதலாம் என்பதையும் அவர்களே உத்தரவு போட்டார்கள். பைபிள் கதை எழுது, கிரேக்கக் கடவுள்களை எழுது, புராண வீரர்களை எழுது. தெருவிலே நடப்பதை எழுதாதே. பட்டினியும் அடிமைத்தனமும் நிரம்பிய தேசத்திலே, படித்த கைகளெல்லாம் ஆகாயத்துத் தேவர்களுக்கு அங்கவஸ்திரம் மடித்துக்கொண்டிருந்தன.

வாசிலி வெரெஷ்ச்சாகின் என்பவர் ஒருவர். நிலச்சுவான்தார் குடும்பம். கப்பற்படைப் பள்ளியிலே முதலாவதாகத் தேறி, உத்தியோகத்தை விட்டுவிட்டுக் கலைக்கழகத்துக்கு வந்தவர். கிரேக்க புராணத்திலே யுலிஸிஸ் என்பவன் எதிரிகளைக் கொல்லுகிற காட்சியை எழுதிப் பாராட்டுப் பெற்றார். பிறகு, இனி இந்த அபத்தத்துக்குத் திரும்புவதில்லையென்று அந்தப் படத்தைத் தாமே நெருப்பில் போட்டுக் கொளுத்தினார். அதற்குப் பிறகு யுத்தத்தின் கோரத்தை நேரில் கண்டு எழுதினார். மண்டையோடுகளை மலை போல் குவித்து 1871-ல் ஒரு படம் எழுதி, அதை உலகத்துச் சக்கரவர்த்திகளான வெற்றி வீரர்களுக்கெல்லாம் சமர்ப்பணம் என்று சட்டத்திலே பொறித்தார். இந்தியாவுக்கும் 1874-ல் வந்து இரண்டு வருஷம் சுற்றினார். வெள்ளைக்காரச் சர்க்கார் இந்தியர்களைப் பீரங்கி வாயிலே கட்டிச் சுட்ட காட்சியை எழுதி ஐரோப்பாவிலே காட்டி, இங்கிலீஷ்காரர்களின் கோபத்தைச் சம்பாதித்துக்கொண்டவரும் இவரே.

பதினாலு பேர் எழுந்து போனார்கள்

இந்தப் புராணத் தொல்லை முற்றி வெடித்தது 1863-ம் வருஷம் நவம்பர் மாதத்திலே. கலைக்கழகத்துக்கு நூறாண்டு நிறைவு என்று சொல்லிப் பெரிய தங்க மெடலுக்குப் பரீட்சை வைத்தார்கள். கொடுத்த விஷயம், வடநாட்டுப் புராணத்திலே ஓடின் என்கிற தெய்வம் சொர்க்கத்தில் விருந்து உண்பது. மாணவர்கள் தங்களுக்குத் தெரிந்த விஷயத்தைத் தாங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ள அனுமதி கேட்டார்கள். கொடுக்கவில்லை. உடனே ஒருவர் பின் ஒருவராக, வீட்டு நிலைமை காரணமாகப் பரீட்சைக்கு நிற்க முடியவில்லை என்று எழுதிய காகிதத்தை மேஜை மேல் வைத்துவிட்டு 14 பேர் வெளியேறினார்கள். தங்க மெடல் போயிற்று; இத்தாலிப் பிரயாணம் போயிற்று; தங்கியிருந்த இடமும் போயிற்று. போலீசின் ரகசியக் கண்காணிப்பு மாத்திரம் வந்து சேர்ந்தது.

இவர்களுக்குத் தலைவராக நின்றவர் இவான் கிராம்ஸ்கோய். சிற்றூர் குமாஸ்தாவின் மகன். எழுத்து வேலை பார்த்தார். ஊர் ஊராகச் சென்ற போட்டோக்காரரிடம் படங்களைத் திருத்தும் வேலை பார்த்தார். அப்படிச் சம்பாதித்துத்தான் 1857-ல் கலைக்கழகத்துக்கு வந்தார். வெளியேறினவர்கள் பிச்சைக்குப் போகவில்லை. ஒரு வீட்டை வாடகைக்குப் பிடித்து, ஒரே அடுப்பில் சமைத்து, சம்பாத்தியத்தில் ஒரு பங்கைப் பொதுப்பெட்டியில் போட்டு, கூட்டுறவாக வேலை செய்தார்கள். அதிலிருந்து பிறந்த எண்ணம்தான் 1870-ல் ஏற்பட்ட சஞ்சாரக் கண்காட்சிச் சங்கம். அதாவது, படத்தைப் பார்க்க ஜனங்கள் தலைநகரத்துக்கு வரவேண்டியதில்லை. படம் ஜனங்களிடத்துக்குப் போகும். முதல் கண்காட்சி 1871-ல் பீட்டர்ஸ்பர்க்கிலே நடந்து, பிறகு மாஸ்கோ, கீவ், கார்க்கோவ் என்று ஊர் ஊராகப் போயிற்று. 1923 வரையில் 48 கண்காட்சிகள் நடந்தன. ஒரு தேசத்தின் சித்திரக் கலையை அரண்மனைச் சுவரிலிருந்து கழற்றி வண்டியிலேற்றினவர்கள் இந்தப் பதினாலு பேர் என்று சொன்னால் மிகையாகாது.

வெறும் பெட்டிக்கு நமஸ்காரம்

வெளியே வந்தவர்கள் என்ன எழுதினார்கள்? வாசிலி பெரோவ் என்பவர் சட்டப்படியான கல்யாணத்தில் பிறக்காதவர். தகப்பன் பிரபு, தகப்பன் பெயர் மகனுக்கு இல்லை. கையெழுத்து அழகாயிருந்ததால் வாத்தியார் வைத்த செல்லப் பெயரே குடும்பப் பெயராயிற்று. இவர் 1861-ல் ஈஸ்டர் பண்டிகை ஊர்வலம் ஒன்றை எழுதினார். குடித்துவிட்டு நிற்க முடியாமல் தள்ளாடுகிற பாதிரி, தலைகீழாகப் பிடித்த சாமி படம், சேறு. இதைக் கண்காட்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். பாதிரி குடித்தது குற்றமாகவில்லை; அதைப் படம் எழுதினது குற்றமாயிற்று.

இல்யா ரெப்பின் 1844-ல் சுகுயெவ் என்கிற சிற்றூரிலே, பட்டாளக் குடியேற்றத்துச் சிப்பாயின் மகனாகப் பிறந்தவர். கோவில்களுக்குச் சாமி படம் எழுதுகிற தொழிலாளிகளோடு சேர்ந்து கூலிக்கு எழுதி, அந்தப் பணத்தோடு 1863-ல் பீட்டர்ஸ்பர்க்குக்கு வந்தார். மாலைப் பள்ளிக்கூடத்திலே கிராம்ஸ்கோயிடம் படித்துப் பிறகு கலைக்கழகத்தில் சேர்ந்தார். வோல்கா நதிக்கரையிலே மாடு இழுக்க வேண்டிய படகை மனிதர்கள் மார்பில் வாரைப் போட்டு இழுப்பதை 1870-ல் நேரில் போய்ப் பார்த்தார், அவர்களோடு பழகினார், மூன்று வருஷத்தில் அந்தப் படத்தை முடித்தார். விசித்திரம் என்னவென்றால், அதை விலைக்கு வாங்கினவர் ஜாருடைய மகன். மாட்டிவைத்த இடம் அவர் பந்து விளையாடுகிற அறை!

ஆனால் ரெப்பினுடைய படங்களிலே நமது வாசகர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டியது, 1883-ல் முடிந்த கூர்ஸ்க் மாகாணத்துச் சாமி ஊர்வலம். புழுதி பறக்கும் ரோட்டிலே பெருங்கூட்டம் வருகிறது. நடுவிலே ஒரு சீமாட்டி நகை நட்டோடு சாமி படத்தைத் தாங்கி வருகிறாள். இரண்டு பக்கமும் குதிரைக்காரர்கள். ஒருவன் கூட்டத்தைச் சவுக்கால் விளாசுகிறான். ஓரத்திலே ஒரு கூனல் பையன் கட்டையை ஊன்றிக்கொண்டு முன்னே வரப்பார்க்கிறான். அவனை ஒரு தடியால் தள்ளுகிறார்கள். ஏழைப் பெண்கள் இருவர் ஒரு பெட்டியைப் பயபக்தியோடு ஏந்தி வருகிறார்கள். சாமி படம் சீமாட்டியின் கையிலே இருக்கிறது. ஏழைகள் சுமக்கிற பெட்டி காலி! பின்னாலே மேட்டில் ஒரு காடு முழுதும் வெட்டப்பட்டு அடிமரங்கள் மாத்திரம் நிற்கின்றன. நூறு பிரசங்கம் செய்தாலும் இதைவிட விளங்கச் சொல்ல முடியுமா? அந்தப் பெண்களின் இடத்திலே ஓர் அழகிய குமரியை எழுதலாமே என்று படத்தை வாங்கின திரெத்யாக்கோவ் கேட்டார். ரெப்பின் சம்மதிக்கவில்லை. ஆனாலும் திரெத்யாக்கோவ் வாங்கினார். இவர் ஒரு மாஸ்கோ வியாபாரி. சம்பாதித்ததைக் கோவிலுக்குக் கொட்டாமல் சித்திரங்களை வாங்கிச் சேர்த்து, 1892-ல் அவ்வளவையும் மாஸ்கோ நகரத்துக்கே கொடுத்துவிட்டார்.

வரமா, பயிற்சியா?

இனி, படிப்பு விஷயத்துக்கு வருவோம். வாசிலி சூரிக்கோவ் என்பவர் சைபீரியாவிலே கிராஸ்னோயார்ஸ்க் ஊர்க்காரர். ஒரு தங்கச்சுரங்க முதலாளி செலவு கொடுக்க, 1868 டிசம்பரில் மீன் ஏற்றிச் சென்ற வண்டிகளோடு புறப்பட்டு, இரண்டு மாதம் பிரயாணம் செய்து பீட்டர்ஸ்பர்க் வந்தார். பரீட்சையிலே சுண்ணச் சிலையைக் கொடுத்து வரையச் சொன்னார்கள். ஊரிலே அவர் அப்படியொரு சிலையைக் கண்டதேயில்லை. தோற்றார். இப்படி வரைகிறவனைக் கலைக்கழகத்து வாசல் வழியே நடக்கவும் விடக்கூடாது என்று ஒரு அதிகாரி பரிகாசம் செய்தாராம். பையன் கோவிலுக்குப் போய் முறையிடவில்லை; ஒரு சித்திரப் பள்ளிக்கூடத்துக்குப் போனான். மூன்று வருஷப் பாடத்தை மூன்று மாதத்தில் முடித்துத் தேறினான். ரத்தம் மூன்று மாதத்தில் மாறிவிட்டதா? மாறினது பழக்கம்.

கலைக்கழகத்திலே இவருக்கு ஆசிரியர் பாவெல் சிஸ்தியாகோவ். ரெப்பினும் சூரிக்கோவும், பின்னால் பேர்பெற்ற வாஸ்நெத்சோவ், செரோவ், வ்ரூபெல் ஆகியோரும் இவரிடம் பாடம் கேட்டவர்கள். இவர் பண்ணையடிமையின் மகன். பிறந்தவுடன் எஜமானன் விடுதலைச் சீட்டு எழுதிக் கொடுத்ததால் தப்பினார். மாணவன் எவ்வளவு பெரிய படம் எழுதினவனாயிருந்தாலும், இவர் முதலில் சாதாரணப் பொருளைத்தான் முன்னால் வைப்பார். அது எந்த இடத்தில் இருக்கிறது, எந்தக் கோணத்தில் திரும்பியிருக்கிறது, வெளிச்சம் எங்கே விழுகிறது என்று காரணம் சொல்லி வரையவேண்டும். கண் பார்ப்பதை அறிவு சோதிக்க வேண்டும் என்பதுதான் அவர் போதனை. அந்த விடுதலைச் சீட்டு ஒன்று எழுதப்படாமல் போயிருந்தால், ருஷ்யாவின் ஐந்தாறு பெரிய சித்திரக்காரர்களுக்கு ஆசிரியரே இருந்திருக்க மாட்டார்.

ஆர்ஹிப் குயிஞ்ஜி என்பவர் மரியுபோல் ஊரிலே ஒரு ஏழைக் கிரேக்கச் செருப்புத் தொழிலாளியின் மகன். அநாதையாகி வாத்து மேய்த்தவர். கலைக்கழகப் பரீட்சையில் இரண்டு தடவை தோற்றவர். 1880-ல் நீப்பர் நதியிலே நிலா காய்வதை எழுதி, அந்த ஒரே படத்தை இருட்டறையிலே விளக்கு வெளிச்சத்தில் காட்டினார். ஊர் திரண்டு வந்தது. நிலா அப்படிப் பிரகாசித்ததால், படத்துக்குப் பின்னாலே விளக்கு இருக்கிறதோ என்று சிலர் எட்டிப் பார்த்தார்களாம். விளக்குமில்லை, அற்புதமுமில்லை. பௌதிக ஆசிரியர்களோடும், ரசாயன மேதை மெந்தெலேயெவோடும் பழகி, எந்த வர்ணத்தின் பக்கத்தில் எது நின்றால் எப்படித் தோன்றும் என்று வருஷக்கணக்கில் ஆராய்ந்தவர் அவர். அறியாதவன் அதிசயம் என்றான். அறிந்தவன் வேலை என்றான். பின்னாலே கலைக்கழகத்திலே ஆசிரியராயிருந்து, வேலை நிறுத்தம் செய்த மாணவர்களின் பக்கம் பேசினதற்காக 1897-ல் வேலையிழந்தார். தன் சம்பாத்தியத்திலிருந்து 1904-ல் ஒரு லட்சம் ரூபிளை இளம் சித்திரக்காரர்களின் பரிசுக்காகக் கொடுத்தார். இவரிடம் படித்த நிக்கோலாய் ரோரிக் பிற்காலத்தில் இந்தியாவுக்கு வந்து குலு பள்ளத்தாக்கிலே வாழ்ந்து 1947-ல் அங்கேயே இறந்தார்.

பிறப்பைக் காட்டித் துரத்துதல் அடிமை முறையோடு ஒழிந்துவிடவில்லை. ஐசக் லெவித்தான் 1860-ல் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். மாஸ்கோ சித்திரப் பள்ளியிலே படிக்கும்போதே தாயும் தகப்பனும் இறந்தார்கள். இரவில் பள்ளிக்கூடத்திலேயே ஒளிந்து தூங்கினார். ஜாரை யாரோ சுடப்போனார்கள் என்று 1879-ல் யூதர்களை மாஸ்கோவை விட்டுத் துரத்தினபோது இவரையும் துரத்தினார்கள். ருஷ்ய நாட்டுக் காட்சிகளை இவரைப் போல் எழுதினவர் இல்லை என்று பேரெடுத்த பிறகும், 1892-ல் மறுபடியும் துரத்தினார்கள். சிநேகிதர்கள் பாடுபட்டுத் திரும்ப வரச் செய்தார்கள். கைதிகள் விலங்கோடு சைபீரியாவுக்கு நடந்த ரோட்டை அந்த வருஷம்தான் எழுதினார். அதில் ஒரு கைதியும் இல்லை. ரோடு மாத்திரம் போய்க்கொண்டேயிருக்கிறது.

இன்னொரு பக்கத்தையும் பார்க்கலாம். ஜினைதா செரெப்ரியாக்கோவா என்கிற அம்மையார் 1884-ல் பிறந்தவர். பாட்டனார் கட்டிடச் சிற்பி, தகப்பனார் சிற்பி, தாயார் படம் வரைகிறவர், மாமன் சித்திரக்காரர். "பார்த்தீர்களா ரத்தத்தை!" என்பார்கள். ரத்தமென்ன செய்தது? வீடெல்லாம் பென்சிலும் வர்ணமும் கிடந்தன. பெரியவர்கள் சாப்பாட்டு வேளையிலும் சித்திரத்தையே பேசினார்கள். பிறகு ரெப்பினிடமும் பாரிஸிலும் படிப்பு. அந்தப் பென்சிலை வோல்காக் கரைக் குழந்தையின் கையிலும் கொடுத்துப் பார்த்த பிறகல்லவா ரத்தத்தைப் பற்றிப் பேச வேண்டும்?

எஜமானன் மாறினால் போதுமா?

1917-ல் ஜார் போனார். 1918-ல் பழைய கலைக்கழகம் ஒழிக்கப்பட்டு, நுழைவுப் பரீட்சை இல்லாமலே யாரும் சேரக்கூடிய சித்திரச் சாலைகள் திறக்கப்பட்டன. இது பெரிய காரியம். பாராட்ட வேண்டிய காரியம். ஆனால் உண்மையை முழுவதும் சொல்லவேண்டும். 1932-ல் சித்திரக்காரர்களுடைய தனிச் சங்கங்களெல்லாம் கலைக்கப்பட்டு, எதை எழுத வேண்டும், எப்படி எழுத வேண்டும் என்று சர்க்கார் சொல்லத் தொடங்கியது. பாவெல் ஃபிலோனோவ் என்பவர் வண்டிக்காரனுக்கும் சலவைக்காரிக்கும் பிறந்தவர். புரட்சி யாருக்காக நடந்ததோ அவர்களில் ஒருவர். அவருடைய படங்களை 1929-ல் ருஷ்யப் பொருட்காட்சிசாலையில் வரிசையாக மாட்டி, கடைசியிலே ஜனங்களுக்குத் திறக்காமலே மூடிவிட்டார்கள். 1941-ல் லெனின்கிராட் முற்றுகையிலே பட்டினியால் செத்தார். ஓடினுக்கு விருந்து எழுது என்று சொன்னவனும், எனக்குப் பிடித்ததை மாத்திரம் எழுது என்று சொன்னவனும் சித்திரக்காரனுக்கு ஒன்றுதான். கதவைத் திறந்துவிட்டு, உள்ளே வந்தவனின் கண்ணைக் கட்டுவது பாதி விடுதலை.

ஆகவே, இந்த வாழ்க்கைகளிலிருந்து நமக்குத் தெரிகிறதென்ன? வித்தைக்கு மூன்று காரியங்கள் தேவை. வயிற்றுக்குச் சோறு ஒன்று. காரணம் சொல்லிக் கற்பிக்கிற ஆசிரியர் ஒன்று. கற்றபின் தன் கண்ணால் கண்டதை எழுத உரிமை ஒன்று. இந்த மூன்றையும் மனிதன்தான் கொடுத்தான், மனிதன்தான் மறுத்தான். வேறு யாரும் கொடுக்கவுமில்லை, மறுக்கவுமில்லை. இனி யாராவது உங்களிடம் வந்து, கலை என்பது பிறவியிலே வர வேண்டும் என்று சொன்னால், சொரோக்காவைத் தெரியுமா என்று கேளுங்கள். தெரியாது என்பார்கள். தெரியாமல் போனது ஏன் என்பதையும் அவர்களையே யோசித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.